'வரலாறு' பக்கத்துக்கு மதிப்பெண் உண்டா?

செம்மொழி மாநாட்டையொட்டி 2010ல் தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தின. நல்ல தொடக்கம்தான். ஆனால் வகுப்பறைக்குள் விக்கியை நாம் பயன்படுத்துகிற விதத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆளுக்கொரு கட்டுரை, ஒரு மதிப்பெண், முடிஞ்சது.

என் வகுப்பில் திருவாலங்காட்டு மாணவி ஒருத்தி தன் ஊர்ச் செப்பேடுகளைப் பற்றி விக்கியில் எழுதினாள். பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். முதலாம் இராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டு. அவளோ இராஜராஜன் காலத்தது என்று எழுதிவிட்டாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் 'சான்று தேவை' என்று போட்டுவிட்டுப் போனார். வலைப்பதிவாக இருந்தால் 'அருமை' என்று நாலு பின்னூட்டம் வந்திருக்கும், தப்பு அப்படியே கிடந்திருக்கும் (என் பதிவுகளின் கதையும் அதுதான்).

தென்னிந்தியக் கல்வெட்டுகள் 3ஆம் தொகுதியை ஒரு வாரம் புரட்டித் தானே திருத்தினாள். அவள் கத்துக்கிட்டது அந்த வாரத்தில்தான். கட்டுரையைப் படித்தால் அது தெரியாது, 'வரலாறு' பக்கத்தைத் திறந்தால்தான் தெரியும். நான் திறந்து பார்க்கவில்லை. முதல் வடிவத்துக்கு 10க்கு 5 போட்டு, பட்டியலையும் அனுப்பிவிட்டிருந்தேன்.