பிளவுண்ட மதியும் அழைப்புண்ட மதியும்

சீறாப்புராணத்து நுபுவ்வத்துக் காண்டத்தில் 'மதியை அழைப்பித்த படலம்' என்பதொரு பகுதி உண்டு. நபிகள் நாயகத்தின் அழைப்பிற்கிணங்கி மதி விண்ணினின்று இறங்கி வந்ததையும், அது இரு கூறானதையும் அப்படலம் பாடுகின்றது. இதனைக் கற்போர் இருவகை முடிவிற்கு எளிதில் வரக்கூடும். உமறுப்புலவரின் கற்பனை வளத்திற்கு இது சான்றெனப் போற்றுதல் ஒன்று. மூலத்தில் இல்லாததை மிகைபடப் பாடினார் எனக் குறைகூறுதல் மற்றொன்று. மூலம் என்பது மாறாத ஒன்று, அதனின் வேறுபட்டன யாவும் புலவர் படைப்பு என்ற எண்ணமே இவ்விரண்டிற்கும் அடிப்படை. அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயம் மதியின் பெயராலேயே வழங்குவது. இறுதிவேளை நெருங்கிற்று, மதி பிளந்தது என்னும் கருத்தோடு அது தொடங்குகின்றது. சான்று கண்டும் மறுப்போர் அதனை மாயம் என்பர் என்று தொடர்கின்றது. கேட்டவர் யார், இடம் எது, மதி எங்ஙனம் பிளந்தது என்பன அங்கு இல்லை. பிளந்தது என்னும் இறந்தகால வினையை மக்கத்தில் நிகழ்ந்ததாகவே பெரும்பாலார் கொண்டனர். ஹஸன் பஸரீ முதலிய ஒரு சிலர், இறுதிநாளில் நிகழவிருப்பதையே அது குறிக்கும் என்றதாக உரைநூல்கள் கூறுகின்றன. தமிழ் இலக்கணம் பயின்றார்க்கு இப்பொருள்கோள் வியப்பளிக்காது. விரைவும் தெளிவும் பற்றி எதிர்காலத்தை இறந்தகாலத்தாற் கூறுதல் நம் இலக்கணத்தார் உடன்பட்ட காலவழுவமைதியே யாகும். ஆகவே கருத்து வேறுபாடு பிற்காலத்தார் புகுத்தியதன்று. ஒரு வினைச்சொல்லின் காலத்தைப் பற்றித் தொடக்கத்திலேயே எழுந்தது.

புகாரி, முஸ்லிம் முதலியோர் தொகுத்த நபிமொழிகளில் நிகழ்ச்சிக்கு இடமும் சூழலும் அமைகின்றன. மக்கத்தார் சான்று கேட்டனர் என்றும், இரு கூறுகளுக்கிடையே ஹிரா மலை தோன்றியது என்றும் அனஸ் வழி வரும் செய்தி கூறும். தாம் உடனிருந்ததாக இப்னு மஸ்ஊத் கூறும் செய்தியும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த நல்லாம் என்னும் தருக்கவாதி, மதி பிளந்திருப்பின் உலகோர் யாவரும் கண்டிருப்பரே என வினவியதாக அறிகின்றோம். இரவில் உறங்குவோர் பலர், எல்லா நாட்டிலும் மதி ஒரே வேளையில் தோன்றாது என மறுமொழி கூறப்பட்டது. வெளியூரினின்று வந்த பயணிகளை உசாவியபோது அவர்களும் கண்டதாக உரைத்தனர் என்னும் நபிமொழியும் இவ்வினாவிற்கு விடையாக நின்றது. தொலைநாட்டுச் சாட்சி என்னும் கூறு இவ்வாறு இக்கதையுள் வேரூன்றியது.

அவ்வேரினின்று கிளைத்ததொரு கதை தென்காசிக்கு அண்மையிலேயே வழங்குகின்றது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையாள நாடு. மதி பிளந்ததைச் சேரமான் பெருமாள் தம் நாட்டிலிருந்தே கண்டு மக்கம் சென்றார் என்பது அந்நாட்டு வழக்கு. இங்கு அற்புதம் ஒரு சமுதாயத்தின் தோற்றத்திற்குக் காரணமாகிவிடுகின்றது. ஆயின், பதினாறாம் நூற்றாண்டில் 'துஹ்பதுல் முஜாஹிதீன்' இயற்றிய பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம், அரசரின் மாற்றம் நபிகள் காலத்ததன்று, ஹிஜ்ரி 200க்குப் பிற்பட்டது என்றே கருதினார். அற்புதத்தை ஐயுறாமலே, அதன்மேல் எழுந்த வரலாற்றை ஐயுறல் கூடும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

இனி உமறுப்புலவரிடம் வருவோம். மதி மண்ணில் இறங்கி நபிகளின் சட்டைக்கையுள் நுழைந்து வெளிப்பட்டது என்னும் கதை அடிப்படையற்றது எனப் பதினான்காம் நூற்றாண்டினரான இப்னு கஸீர் மறுத்துள்ளார். மறுப்பு எழுந்தமையே அக்கதை அன்று பரவியிருந்தமையைக் காட்டும். எனவே மதி இறங்கி வருதல் பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர் புனைந்ததன்று. அவர் மரபாகப் பெற்றது. போற்றுவோரும் குறைகூறுவோரும் இதனை உளங்கொளல் வேண்டும்.

அவ்வாறாயின் புலவரின் திறம் யாது? குர்ஆனில் மறுப்போர் குரல் ஒன்றே கேட்கின்றது. காப்பியத்திலோ மாயம் எனும் அபூஜகிலும், உண்மை காண வந்த திமஸ்கு வேந்தர் ஹபீபும் எதிரெதிரே நிற்கின்றனர். ஒரே சான்று ஒருவர்க்கு மாயமாகவும் ஒருவர்க்குத் தெளிவாகவும் அமைகின்றது. பிளவு விண்ணில் மட்டுமன்றிக் கண்டோர் நெஞ்சிலும் நிகழ்கின்றது. இவ்விருவரையும் பழைய கதை தந்ததாயினும், அவர்தம் முரணைக் காப்பிய நிகழ்ச்சியாக வளர்த்துச் சென்றது புலவர் ஆற்றல்.

தமிழ்க் கேள்வி மரபும் ஈண்டுக் கருதற்பாலது. மதியை முன்னிலைப்படுத்திப் பேசுதல் நமக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவம் மதியை விளையாட வருமாறு அழைக்கும். பின்னெழுந்த குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி மதியைப் பழிப்பாள். அழைத்தும் வாராத மதியையே கேட்டுப் பழகிய செவிக்கு, அழைத்தவுடன் வந்த மதி தனிச் சுவை பயக்கும். அரபு மரபில் பிளத்தல் தலைமையான வினை. தமிழ்ப் படலத்தின் பெயரில் அழைப்பித்தல் தலைமை பெற்றது. படலப்பெயர் இட்டவர் எவராயினும், தமிழ் மரபு எதனை முதன்மையாகக் கேட்டது என்பதற்கு அப்பெயர் சான்றாகும்.

அற்புதத்தை அகப்பொருளாக்கும் நெறியும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பூசிரி தம் புர்தாவில் பிளந்த மதிக்கும் நபிகளின் நெஞ்சிற்கும் உறவு கூறினார். தென்காசியிற் பிறந்தவராகச் சொல்லப்பெறும் தக்கலைப் பீர்முகம்மது அப்பாவும் ஈண்டுக் கருதத்தக்கவர். அவர் தம் ஞானரத்தினக் குறவஞ்சியில் சிங்கன் சிங்கி உரையாடலை மெய்ஞ்ஞான வினாவிடையாக்கியது அதனை ஒத்த முறையே. புறத்தை அகமாகக் காணும் அந்நெறி இவ்வட்டாரத்திற்கு அயலானதன்று.

இறுதிநாளின் அறிகுறி, மக்கத்தார் கேட்ட சான்று, தொலைநாட்டார் சாட்சி, வேந்தனின் தெளிவு, நெஞ்சின் உவமை என ஓர் அற்புதம் ஐவகையாக நின்றமை இதுகாறும் கூறியவற்றாற் புலனாம். இவற்றுள் எது மெய் என முடிவுகட்டுதல் இலக்கிய ஆராய்ச்சியின் பணியன்று. எந்த அடுக்கு எக்காலத்தது, எவ்வினாவிற்கு விடையாக எழுந்தது எனப் பகுத்துக் காண்டலே அதன் பணி. இப்பகுப்பின்றி இசுலாமியத் தமிழ்க் காப்பியங்களை அணுகுவோர், மரபு தந்ததைப் புலவர்க்கு ஏற்றியும் புலவர் தந்ததை மரபிற்கு ஏற்றியும் இருவர்க்கும் நீதி செய்யாதொழிவர்.