ஏட்டிலே தூய்மை

நாமகிரிப்பேட்டை என்றதும் இசையறிந்தோர்க்கு நாதசுரம் நினைவுக்கு வரும். வணிகம் அறிந்தோர்க்கு மஞ்சள் நினைவுக்கு வரும். இராசிபுரத்தை அடுத்த அவ்வூரில் மஞ்சளை வெட்டி, வேகவைத்து, களத்தில் உலர்த்தி, மண்டிக்கு அனுப்பும் வேலையில் பெண்களின் கைகள் ஓயாது உழைக்கின்றன. மங்கலம் என்றும் தூய்மை என்றும் நாடு போற்றும் பொருள் அந்தக் கைகளின் வழியேதான் வருகிறது. அந்தக் கைகளுக்கு உரியவள் ஒரு வழக்கிலே சிக்கிச் சிறை புக நேர்ந்தால்? அங்கே அவளுக்குக் குளிக்க நீர் உண்டா? மறைவான கழிப்பறை உண்டா? மாதவிலக்கு நாட்களிலே தூய துணி உண்டா?

'உண்டு' என்கின்றன ஏடுகள். ஆகவே அந்த ஏடுகளையே இன்று மதிப்பிட எடுத்துக்கொண்டோம். காவியத்துக்கும் கதைக்கும் மதிப்புரை எழுதுகிறோம். சிறைக்கென எழுதப்பட்டவற்றுக்கு எழுதலாகாதா? அவையும் மனிதரைப் பற்றிய எழுத்துத்தானே!

முதலில் பழைய சிறைவிதிகள். வெள்ளையன் ஆண்ட நாளில் வகுக்கப்பட்டு, அவன் போன பின்னும் பல மாநிலங்களில் வாழ்ந்தவை. அவற்றிலே சமையலுக்கு ஒரு சாதி, மலம் அள்ள ஒரு சாதி! வெளியே எவர் துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்டிருந்தனரோ, உள்ளேயும் அவரே துடைப்பம் ஏந்த வேண்டும் என்ற ஏற்பாடு! சிறைச்சுவரைக் கட்டியவன் கொத்தன்; அந்தச் சுவருக்குள் சட்டம் எழுதியவன் மனு. சுகன்யா சாந்தா என்ற பெண் செய்தியாளர் தொடுத்த வழக்கில், 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்சநீதிமன்றம் இவ்விதிகள் செல்லாவென அறிவித்தது. கைதிகள் பதிவேட்டில் சாதிக்கென இருந்த கட்டத்தையே நீக்கச் சொன்னது. நமது பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்த செய்தியும் அத்தீர்ப்பிலே பேசப்பட்டது. பெரியார் பிறந்த நாடு இது. நாம் தலைகுனிந்தே அந்தப் பக்கத்தைப் படித்தோம்.

அடுத்து, 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. இதனைக் குறை கூற மனம் வரவில்லை. அத்துணை நல்ல சொற்கள்! பெண் கைதிகள் பத்துப் பேருக்கு ஒரு கழிப்பறை, ஒரு குளியலறை. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர். தூய்மைப்படுத்திய மாதவிலக்குப் பஞ்சு, தேவைப்படும் அளவுக்கு. இதற்கு முன்பே, 2010இல், ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற பாங்காக் விதிகள் எழுபதில் ஐந்தாம் விதி, பஞ்சினை விலையின்றித் தருக என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2011இல் அறிவிக்கப்பட்ட 'புதுயுகம்' திட்டமும் ஊர்ப்புறச் சிறுமியரோடு சிறையிலுள்ள பெண்களையும் சேர்த்துக்கொண்டது. பாராட்டுகிறோம்.

ஆனால் மூன்றாம் ஏடு ஒன்று இருக்கிறதே! 2018இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 'சிறையில் பெண்கள்' பற்றி வெளியிட்ட அறிக்கை அது. எதிர்க்கட்சிக்காரன் எழுதியதன்று, அரசே எழுதியது. என்ன சொல்கிறது? சில மாநிலங்களில் பஞ்சுக்குக் காசு வாங்குகிறார்களாம். சில இடங்களில் தேவை எதுவாயினும் எண்ணித்தான் தருகிறார்களாம். கிடைக்காத பெண்கள் கந்தலையும், சாம்பலையும், பழைய மெத்தையின் கிழிசலையும், செய்தித்தாளையும் பயன்படுத்த நேர்கிறதாம்! கையேட்டைப் படித்த கண்ணோடு இந்த வரியையும் படியுங்கள். முன்னது கனவு, பின்னது அதன் விடியல்.

ஏன் இப்படி? பணமில்லை என்பார்கள். பஞ்சின் விலையிலா ஒரு பேரரசு தடுமாறுகிறது? காரணம் வேறு. பெண்ணின் உடலில் இயற்கையாக நிகழ்வதைத் 'தீட்டு' என்று ஒதுக்கிய சமுதாயம் இது. தீட்டு என்று பெயரிட்டால் வாய் திறக்கக் கூடாது. வாய் திறவாதது கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாததற்குப் பணம் ஒதுக்கப்படாது. துப்புரவைச் சாதியின் தலையிலும், உதிரத்தைத் தீட்டின் தலையிலும் போட்டுவிட்டால், அதிகாரியின் கைகள் எவ்வளவு தூய்மை!

எண்ணிக்கையும் இதற்குத் துணை போகிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் பெண்கள் 23,772 பேர். நூற்றுக்கு நான்கு! பெண்களுக்கென்றே தனிச்சிறைகள் நாடு முழுவதிலும் 34 மட்டுமே. ஆகவே பெரும்பாலோர் ஆண்கள் சிறையின் ஒரு மூலையில் அடைபட்டவர்கள்; மூலையில் இருப்பவளுக்கு எல்லாம் கடைசியில்தான் வரும். தமிழ்நாட்டில் வேலூர், திருச்சி, கோவை, புழல் போன்ற இடங்களில் பெண்கள் தனிச்சிறைகள் உண்டு. ஆயினும் நாமகிரிப்பேட்டைக் கூலிக்காரிக்கு அவை எதுவும் பக்கத்தூர் அன்று. ஒரு சோப்புக் கட்டியும் மாற்றுத்துணியும் கொடுத்துவர, வீட்டார் ஒருநாள் கூலியை இழந்து, பேருந்துக்கும் பணம் தேடவேண்டும்.

அவளோடு குழந்தையும் இருக்கலாம். 2022இல் 1,537 தாய்மாரோடு 1,764 குழந்தைகள் சிறையில் இருந்தன. ஆறு வயது வரை தாயுடன் இருக்கலாம் என்றும், பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் சிறையென எழுதலாகாது என்றும் 2006இல் உச்சநீதிமன்றம் கூறியது. நல்லது. ஆனால் சான்றிதழிலே மறைத்த சிறையைக் குழந்தையின் வயிற்றுப்போக்கிலும் சொறியிலும் மறைக்க முடியுமா? 1938 நவம்பரில் தருமாம்பாளும் மூவலூர் இராமாமிர்தமும் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றபோது, அந்தப் போரில் கைக்குழந்தைகளோடு சென்ற தாய்மாரும் உண்டு. அவர்கள் வாயிலில் மாலையிட மக்கள் காத்திருந்தனர். இன்று உள்ளே இருக்கும் ஏழைத் தாய்க்கு யார் காத்திருக்கிறார்கள்?

'குற்றவாளிக்குச் சொகுசா?' என்று கேட்பவர் உண்டு. அந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பே பெறாதவர்கள். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவளுக்கும் நீதிமன்றம் விதித்தது சிறை. சாம்பலும் செய்தித்தாளும் அல்ல. எந்த நீதிபதியும் எழுதாத தண்டனையை எவர் எழுதினார்?

தோழர்களே! கண்ணீர் விட்டுக் கலைந்து போக இதனை எழுதவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பெண்கள் அடைபட்டுள்ள ஒவ்வொரு சிறைக்கும் நான்கு கேள்விகள் அனுப்புவோம். கழிப்பறை எத்தனை? நாளொன்றுக்கு நீர் எவ்வளவு? சென்ற ஆண்டில் ஒவ்வொரு பெண்ணுக்கும் கொடுத்த பஞ்சு எத்தனை? கழிப்பறையைக் கழுவுவது யார், எந்த முறையில் அவரைத் தேர்ந்தீர்? விடை வந்தால் ஊரறியச் சொல்வோம்; வராவிட்டால் அதையும் சொல்வோம்.

மஞ்சள் பூசினால் தூய்மை வந்துவிடும் என்று நம்பிய காலம் போகட்டும். நல்ல சொற்களைப் பூசினால் சிறை தூய்மையாகும் என்ற நம்பிக்கையும் அத்தோடு போகட்டும்.