கால் அங்குல ஜாக்கும் கையால் செய்த கேபிளும்

கிதார் வாசிப்பவர்களில் கைவேலையில் பிரியமுள்ளவர்கள், ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகும் கேபிளைத் தாமே செய்துகொள்வது நெடுநாளைய வழக்கம். வேண்டிய நீளத்துக்குக் கம்பியை நறுக்கிக்கொள்ளலாம், வேண்டிய கனத்தில் செம்பைப் பொறுக்கிக்கொள்ளலாம், பழுதானால் எங்கே பழுது என்று பிரித்துப் பார்த்துத் தாமே சரிசெய்துகொள்ளலாம் என்னும் சௌகரியங்களை எண்ணும்போது அந்த வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கம்பியைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறவர்கள், அதன் முனைகளில் மாட்டும் பிளக்கைப் பற்றி மட்டும் ஏனோ யோசிக்காமலே விட்டுவிடுகிறார்கள். ஆம்ப்ளிஃபையரின் முதுகில் எந்தத் துளை இருக்கிறதோ அதற்குப் பொருந்துவதை வாங்கி ஈயம் வைத்துவிடுகிறார்கள். அந்தத் துளை அநேகமாகக் கால் அங்குல ஜாக்காகவே இருந்துவிடுகிறது.

6.35 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த ஜாக், பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெலிபோன் நிலையங்களில் ஓயாமல் செருகவும் பிடுங்கவும் உண்டான சாதனம். பேச்சின் மெல்லிய மின்னோட்டத்துக்காக ஏற்பட்டதை ஃபெண்டர், மார்ஷல் போன்ற ஸ்தாபனங்கள் கிதாரைச் செருகும் இடத்தில் வைத்ததோடு நில்லாமல், ஸ்பீக்கருக்குச் சக்தி வெளியேறும் இடத்திலும் வைத்தன. அதனால் வந்த லாபத்தை மறுப்பதற்கில்லை: எந்த ஊரில் எந்த மேடையில் கேபிள் கெட்டாலும் மாற்றுக்கு ஒன்று கிடைத்துவிடும். மின்னோட்டத்தைத் தாங்காது என்று அதன்மேல் சொல்லப்படும் புகாரும் பெரும்பாலும் மிகையே. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் போகும்போது ஓடுவது சுமார் 3.5 ஆம்பியர், 4 ஓமுக்கு 5 ஆம்பியர். கனமான நல்ல பிளக் இதைச் சிரமமின்றிச் சுமக்கும். உண்மையான தோஷம் வேறிடத்தில் இருக்கிறது.

கிதார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒரே பிளக்கை அணிந்து, பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றுவதுதான் முதல் தோஷம். கிதார் கேபிளின் நடுக்கம்பி, பல வகைகளில், 0.22 சதுர மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதில்லை, ஸ்பீக்கருக்கோ 1.5 அல்லது 2 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டும். மூன்று மீட்டர் கிதார் கேபிளை அவசரத்தில் ஸ்பீக்கருக்குச் செருகி 5 ஆம்பியரை ஓடவிட்டால், அந்த நடுக்கம்பியில் மட்டும் ஏறக்குறைய 6 வாட் வெப்பமாக வீணாகும். அதனால் கேபிள் உடனே உருகிவிடாது. அந்த உடனே உருகாமையே விபரீதம், ஏனெனில் ஒருநாள் சரியாக இருந்தது என்ற தைரியத்தில் அது அங்கேயே நிலைத்துவிடுகிறது. மிதிபட்டு மடங்கிய மெல்லிய கம்பி வாசிப்பின் நடுவே அறுந்தால், வால்வு ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குச் சுமை இல்லாமல் போய், அதன் முதன்மைச் சுருளில் எழும் உயர் அழுத்தம் காப்பைத் துளைத்தோ வால்வின் சாக்கெட்டில் பொறி பறக்கச் செய்தோ நாசம் விளைவிக்கக்கூடும். பிளக் வெளியே வந்தவுடன் சுற்றைத் தானே குறுக்கிணைத்துக்கொள்ளும் ஜாக்கை ஃபெண்டர் தன் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் வைத்தது இந்த அபாயத்தை உத்தேசித்தே. வால்வுகள் வெற்றுச் சுற்றைவிடக் குறுக்கிணைப்பைச் சற்று நேரம் நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். எனினும் பிளக் தன் இடத்திலேயே இருக்கக் கம்பி உள்ளே அறுந்தால் அந்த ஏற்பாட்டால் யாதொரு பிரயோஜனமும் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

காலில் கேபிள் தட்டினால் கழன்றுவிடுவது இரண்டாவது தோஷம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் கழன்றது பெரிதல்ல. ஓசை ஓடிக்கொண்டிருக்கையில் மறுபடி செருகும்போது நுனியும் உடலும் கணநேரம் குறுக்கிணைந்துவிடலாம் என்பதே கவலை. இக்காலத்து டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் இரு முனைகளிலுமே மின்னழுத்தம் இருப்பதால், வெளியே தெரியும் உலோக உடலோடு கூடிய ஜாக் பிளக் அவற்றுக்கு அடியோடு தகாது.

லிக்டென்ஸ்டைன் நாட்டு நியூட்ரிக் ஸ்தாபனம் 1987-இல் கொண்டுவந்த ஸ்பீக்கான் என்னும் பிளக், இத்தனை குறைகளையும் மனத்தில் வைத்துச் செய்தது போல் இருக்கிறது. உலோக முனைகள் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்திருக்கின்றன. செருகித் திருகினால் பூட்டிக்கொள்கிறது. 30 ஆம்பியரைத் தாங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிதார் கேபிள் என்று எவரும் அதை மயங்க முடியாது. கம்பியைத் திருகாணியால் இறுக்கும் வகைகளில் நுனிக்கு ஈயம் பூசுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கித் திருகாணி தளர்ந்துவிடும். ஸ்பீக்கானின் பெருங்குறை, பழைய ஆம்ப்ளிஃபையர்களில் அதற்கு இடமில்லாமையே. 10 மில்லிமீட்டர்த் துளையை 24 மில்லிமீட்டராக அகலப்படுத்தி ஐம்பது வருஷத்து ஆம்ப்ளிஃபையரைக் கெடுக்க யாருக்கு மனம் துணியும்?

மற்ற பிளக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்.எல்.ஆர். மைக்குக்குரியது, அதை ஸ்பீக்கருக்கு வைப்பது ஒரு குழப்பத்தை விட்டு மற்றொன்றில் விழுவதாகும். இரட்டை பனானா பிளக்கின் முனைகள் ஐரோப்பியச் சுவர் மின்துளைகளிலும் நுழையும் இடைவெளியில் இருப்பதால், அது வீட்டு அலமாரிக்கே சரி. பிளக்கின்மேல் பூசும் தங்கமுலாம் வெறும் அலங்காரம்.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: ஆம்ப்ளிஃபையர்ப் பக்கம் கனமான ஜாக்கையும், ஸ்பீக்கர்ப் பெட்டிப் பக்கம் ஸ்பீக்கானையும் வைத்துச் செய்த கேபிளே வீட்டுக் கைவேலைக்கு உகந்தது. பெட்டி நாமே அறுத்து ஆணியடித்த பலகையாகையால் துளையைப் பெரிதாக்குவதில் நஷ்டமில்லை; அத்தகைய கேபிளை ஒருவரும் கிதாரில் செருகமாட்டார்கள்; அந்தப் பெட்டியிலும் கிதார் கேபிள் நுழையாது. ஆம்ப்ளிஃபையர்ப் பக்கத்து ஜாக் கழலும் பலவீனம் மட்டும் மிஞ்சுகிறது. அதற்குக் கேபிளைக் கைப்பிடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். ஏற்கெனவே இருபுறமும் ஜாக் வைத்துக் கேபிள் செய்து வைத்திருப்பவர்கள், அடுத்த முறை செருகுமுன் இரு முனைகளிலும் ‘ஸ்பீக்கர்’ என்று எழுதி ஒட்டிவிடட்டும்.