சிறைப்பட்ட நிழல்

நம் இல்லங்களின் கூடத்துச் சுவரை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். கஅபாவின் படமும் மதீனத்துப் பச்சைக் குவிமாடமும் ஆயத்துல் குர்ஸி எழுதிய சட்டமும் ஒரு பக்கம் இருக்கும். மறுபக்கத்தில், ஜவுளிக் கடையோ நகைக் கடையோ அன்பளிப்பாகத் தந்த நாள்காட்டி தொங்கும். அதில் ஒரு நீல ஏரி. ஏரிக்கு அப்பால் பனி மூடிய மலை. கரையில் வரிசை வரிசையாய் ஊசியிலை மரங்கள். ஆள் இல்லை, ஆடு இல்லை, ஒரு பறவைகூட இல்லை. உருவப்படம் உள்ள வீட்டில் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்ற நபிமொழியை நெஞ்சில் தாங்கிய நம் பெரியோர், நடிகையர் படம் அச்சிட்ட நாள்காட்டியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, இந்த ஏரியை மட்டும் உள்ளே அனுமதித்தார்கள்.

அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. உருவம் வரைந்து பிழைப்பு நடத்திய ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையை முறையிட்டபோது, வரைந்தே தீரவேண்டுமாயின் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது புகாரி ஷரீபில் பதிவான செய்தி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலீபா வலீத் கட்டிய திமிஷ்கு நகரப் பெரிய பள்ளிவாசலுக்குச் செல்வோர், முற்றத்தைச் சூழ்ந்த சுவரில் சில்லுப் பதிப்பாய் ஓர் ஆற்றங்கரையைக் காணலாம். ஓங்கிய மரங்கள், மாடங்கள், ஓடும் நீர் எல்லாம் உண்டு; மனிதரோ விலங்கோ மருந்துக்கும் இல்லை. நீர்க்கரைக் காட்சி நம் சுவர்களுக்கு நேற்று வந்ததன்று.

ஆனால் திமிஷ்குச் சுவருக்கும் நம் கூடத்து நாள்காட்டிக்கும் இடையே பெருந்தொலைவு இருக்கிறது. நாள்காட்டியின் ஏரி அழகற்றது என்று யான் சொல்லவில்லை. அதில் பொழுது இல்லை என்பதே என் குறை. ஜனவரித் தாளின் மேலும் அதே நீலம், ஜூன் தாளின் மேலும் அதே நீலம். அந்த மலையில் பனி எப்போது விழுந்தது, எப்போது உருகும், அந்தக் கரையில் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, படம் எடுத்தவர் அங்கே எத்தனை நாழிகை நின்றார் என்ற எதையும் அது சொல்வதில்லை. பன்னிரண்டு மாதமும் நம் கண்முன் தொங்கியும், ஆண்டு முடிவில் அதைக் கழற்றும்போது அந்த ஏரியில் எத்தனை மரங்கள் இருந்தன என்று வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

நிலக்காட்சிப் படத்தை மதிப்பிட நமக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதை மேலைநாட்டுக் கலை நூல்களில் தேடிப் போகவேண்டியதில்லை; நம் உலமாக்களின் விவாதத்திலேயே அது கிடைக்கிறது. (காமிராவைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் இப்னுல் ஹைதமை இழுத்து வந்து மேடையில் நிறுத்தி, அதோடு நம் கடமை முடிந்ததாகக் கருதும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அதைச் சொல்லவில்லை.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல் முதீஈ அவர்கள், காமிராப் படம் கூடுமா கூடாதா என்பதற்கெனத் தனி நூலே எழுதினார்கள். அவர்களது வாதத்தின் சாரம் இது: கையால் உருவம் சமைப்பவன் படைத்தலைப் போலச் செய்யத் துணிகிறான், காமிரா பிடிப்பவனோ எதையும் சமைப்பதில்லை, இறைவன் படைத்த பொருளின் நிழல் விழுகிறது, அதைப் பிடித்து நிறுத்துகிறான், அவ்வளவே. நிழலைச் சிறைப்படுத்துதல் என்ற பொருள்படும் அரபுத் தொடரால் அதனைக் குறித்தார்கள். இதனை ஏற்காத உலமாக்களும் உண்டு. அவர்களுடைய ஆட்சேபணையை யான் ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. என்னைக் கவர்ந்தது வேறு. எகிப்தின் தீர்ப்பைக் கேட்டோ கேளாமலோ, நம் தமிழும் இக்கலைக்கு நிழற்படம் என்றே பெயரிட்டது. ஒரு படத்தின் முன் நின்று, இங்கே விழுந்த நிழல் பிடிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது விழாத நிழல் சமைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், நாம் கேட்கவேண்டிய கேள்வியில் பெரும்பகுதியைக் கேட்டவர்களாவோம்.

இந்தக் கேள்வியோடு ஈரானின் அப்பாஸ் கியாரொஸ்தமியை அணுகிப் பார்க்க விரும்புகிறேன். 1940-இல் தெஹ்ரானில் பிறந்து 2016-இல் பாரிஸில் மறைந்த இவரை உலகம் திரைப்பட இயக்குநராகவே அறியும். 1997-இல் கான் திரைப்பட விழாவின் தலைப்பரிசான தங்கப் பனையைப் பெற்றவர். ஆயினும் 1978 முதல், புரட்சியை ஒட்டிய அந்தக் கொந்தளிப்பான ஆண்டுகளிலிருந்து, அவர் கையில் நிழற்படக் காமிராவும் இருந்துவந்தது. தலைநகரை விட்டு வெளியேறிக் காரை ஓட்டிக்கொண்டு மலைப்பாதைகளில் திரிந்தார். தெஹ்ரானுக்கு வடக்கே அல்புர்ஸ் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. அதன் தென்புறம் வறண்ட மேட்டுநிலம், மலையைக் கடந்து வடபுறம் இறங்கினால் மழையும் காடும் வயலுமாய்ப் பசுமை, அதற்கப்பால் காஸ்பியன். கடல் என்றே பெயர் பெற்றிருந்தாலும் காஸ்பியன் நாற்புறமும் நிலம் சூழ்ந்த நீர்நிலைதான். உலகின் ஏரிகளிலெல்லாம் பெரியது. ஏறத்தாழ மூன்றே முக்கால் இலட்சம் சதுர கிலோமீட்டர் பரந்தது.

அவருடைய பனிக்காலப் படங்கள் கறுப்பு வெள்ளையில் அமைந்தவை. நிலமும் வானமும் ஒரே வெண்மையாய்க் கலந்துவிட, எல்லைக் கோடே அழிந்துபோன வெளியில் சில மரங்கள் மட்டும் கறுத்து நிற்கும். சில படங்களில் மரங்கள்கூட முழுமையாய் இல்லை. அடிமரங்களும் அவை பனிமீது நீட்டிய நிழல்களுமே உள்ளன. நிழலைப் பிடிப்பது என்பதை இதைவிட நேராகச் செய்து காட்டியவர் அரியர். கதிரவன் தாழ்ந்திருக்கும் பொழுதில்தான் அத்துணை நீண்ட நிழல் விழும். புதுப்பனி கலையாதிருக்கும்போதுதான் அது வளையாமல் கிடக்கும். அந்தச் சிறுபொழுது, படத்தில் இருக்கிறது.

எனினும் இப்படங்களில் எனக்கொரு மனக்குறை உண்டு. பத்துப் படங்களைத் தொடர்ந்து பார்த்ததும், மரங்கள் மரங்களாய் இருப்பதை விட்டுக் கோடுகளாய் மாறிவிடுகின்றன. கண்காட்சி மண்டபத்தின் வெள்ளைச் சுவருக்கு அவை மிக நன்றாகப் பொருந்துகின்றன. சற்றே அதிகமாகப் பொருந்துகின்றன. காரின் முன்கண்ணாடி வழியே மழையை எடுத்த அவருடைய வண்ணப் படங்கள் அந்த அளவுக்கு நேர்த்தியானவையல்ல. கண்ணாடியில் துளிகள் வழிந்து, அப்பால் மரமும் பாதையும் கரைந்து கிடக்கும். ஆனால் அவற்றில் ஈரம் இருக்கிறது. எடுத்தவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதும் தெரிகிறது. யான் அவற்றையே மேலாகக் கருதுகிறேன்.

அவரது சிறந்த நீர்க்கரைப் படம் எது என்று கேட்டால், அது ஒரு நிழற்படமன்று. 2003-இல் காஸ்பியன் கரையில் அவர் படமாக்கிய 'ஐந்து' என்னும் எழுபத்து நான்கு நிமிடத் திரைப்படத்தையே சொல்வேன். ஜப்பானிய இயக்குநர் ஓஸுவுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அதில் கதை இல்லை, உரையாடல் இல்லை. ஐந்து நீண்ட காட்சிகள் மட்டுமே. நிழற்படக்காரன் கரையில் நிற்பது போலவே காமிரா நிற்கிறது.

முதற்காட்சியில் அலையோரத்தில் ஒரு மரத்துண்டு. அலை அதைத் தள்ளுகிறது, இழுக்கிறது, புரட்டுகிறது. நெடுநேரம் இதுவே நிகழ்கிறது. பின்னர் அது முறிகிறது. ஒரு துண்டு கரையில் கிடக்க, மற்றொன்று நீரோடு போகிறது. ஒரு கட்டையின் பிரிவுக்காக நெஞ்சு பதைக்கும் என்று யாரேனும் முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இரண்டாவது, கடலோர நடைபாதையில் வருவோரும் போவோரும். அதை விரைந்து கடந்துவிடலாம். மூன்றாவதில் குளிர்காலக் கரை. தொலைவில் ஏதோ கறுத்த திட்டுகள். கல்லா, கட்டையா என்று நாம் ஐயுறும்போது ஒன்று அசைகிறது, நாய்கள். வெளிச்சம் மெல்ல மெல்லப் பெருகி, கரையும் நீரும் நாய்களும் வெண்மையில் மறைந்து போகின்றன. நான்காவதில் வாத்துகள் ஒரு திசையில் வரிசையாய்க் கடந்து செல்கின்றன. பிறகு ஏதோ நினைவு வந்தாற்போல அத்தனையும் வந்த வழியே விரைகின்றன. குழந்தைகள் இவ்விடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

ஐந்தாவது காட்சியே இப்படத்தின் உயிர். இரவு, ஒரு குட்டை, அதில் நிலவின் பிம்பம். தவளைகள் கத்துகின்றன. மேகம் நிலவை மூடத் திரை முழுதும் இருள்கிறது. இடி, மழை. மின்னும்போது மட்டும் நீர் தெரிகிறது. மழை ஓய்கிறது, தவளைகள் மீண்டும் தொடங்குகின்றன, சேவல் கூவுகிறது, விடிகிறது.

ஓர் இரவை முழுதாய் இருந்து பார்த்த நிறைவு நமக்கு உண்டாகிறது. ஆனால் அது ஓரிரவன்று. பல மாதங்களில் பல இரவுகளில் எடுத்த துண்டுகளை இணைத்து, ஒலிகளையும் தனியே கோத்து அமைத்தது. இதை அறிந்த நண்பர் ஒருவர், அப்படியானால் இது ஏமாற்று அல்லவா என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. என் விடை இது. அந்த நிலவு வானில் இருந்தது. அந்த மேகம் அதை மூடியது. அந்த மழை அந்தக் குட்டையில் பெய்தது. இயக்குநர் சேர்த்து வைத்தவர், சமைத்தவரல்லர். ஓராண்டுக் கணக்கை ஒரே பேரேட்டில் எழுதுகிற வணிகனைப் போல, மாதங்களில் கண்டதை ஓர் இரவில் எழுதினார். ஆயினும் இது ஓர் எல்லைக்கோட்டில் நிற்கும் செயல் என்பதை மறைக்க விரும்பவில்லை. பார்ப்பவர் நம்புவது ஒன்று, நடந்தது சற்றே வேறு.

அந்த எல்லைக்கோட்டை அவர் தாண்டிவிட்ட படமும் ஒன்று உண்டு. வாழ்வின் கடைசி ஆண்டுகளில் உருவாக்கி, அவர் மறைந்த பின் மகனால் நிறைவு செய்யப்பெற்று 2017-இல் கான் விழாவில் காட்டப்பெற்ற '24 சட்டகங்கள்'. ஒவ்வொன்றும் நாலரை நிமிடம் ஓடும் இருபத்து நான்கு காட்சிகள். முதலாவது, டச்சு மொழி பேசும் நாட்டின் ஓவியர் புரூகல் 1565-இல் தீட்டிய பனிக்கால வேடர் ஓவியம். அதில் புகைபோக்கியிலிருந்து புகை எழுகிறது, பனி பெய்யத் தொடங்குகிறது. பின்வருவனவற்றுள் பெரும்பாலானவை அவருடைய சொந்த நிழற்படங்கள். அசையாத அப்படங்களுக்குள் கணிப்பொறியின் துணையால் காகம் வந்து அமர்கிறது, மான் கடக்கிறது, அலை புரள்கிறது, எங்கோ துப்பாக்கி வெடிக்கிறது.

இதனை அவரது கலையின் சிகரமென்று போற்றும் திறனாய்வாளர் உளர். எடுத்த கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நிகழ்ந்திருக்கும் என்ற ஏக்கமே இதன் வித்து என்பதும், மரணத்தின் நிழலில் ஒரு கலைஞர் தம் பழைய படங்களுக்குத் திரும்பிய செயல் இது என்பதும் எனக்கு விளங்காமலில்லை. ஆயினும் காகம் சொன்ன நேரத்துக்கு வருகிறது. மான் சட்டத்தின் நடுவே சரியாக நின்று திரும்பிப் பார்க்கிறது. 'ஐந்'தில் வாத்துகளைக் கண்டு சிரித்த நாம், இங்கே அந்த மானைக் கண்டு வியக்கிறோம். அடுத்த நொடியே வியப்பு ஆறிவிடுகிறது. பனியில் எந்த மான் நடந்ததோ அதன் நிழல் அந்தப் பனியில் விழவே இல்லை. அது விழாத நிழல். பகீத் அவர்களின் வாதத்தை ஏற்றவரும் இந்த மானை அதன் பாதுகாப்புக்குள் சேர்க்க இயலாது. மார்க்கத் தீர்ப்பை விட்டுக் கலைத் தீர்ப்பாகவே சொன்னாலும், யான் குறை கண்ட நாள்காட்டி ஏரிக்கு அண்மையில் இப்படம் பல இடங்களில் வந்துவிடுகிறது. அதில் பொழுது இல்லை. இதில் பொழுது பொம்மையாக்கப்பட்டுவிட்டது.

இன்று இது கியாரொஸ்தமியைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. இல்லாத ஏரியையும், அதில் இல்லாத பனியையும் ஒரு வரிக் கட்டளைக்குக் கணிப்பொறி வரைந்து தரும் காலத்தில் இருக்கிறோம். பெருநாள் வாழ்த்தோடு நம் கைப்பேசிக்கு வரும் அழகிய நீர்க்கரைகளில் எத்தனை எந்த வானத்தின் கீழும் இருந்ததில்லை என்பதை யாரறிவார்?

காஸ்பியன் கரைக்கு வருவோம். அந்நீர்நிலை நிலையாய் இருப்பதன்று. 1970-களின் இறுதிவரை தாழ்ந்து, பின்னர் 1990-களின் நடுப்பகுதிவரை உயர்ந்து, அதன்பின் மீண்டும் இறங்கிக்கொண்டே வருகிறது. 1996 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சராசரியாக ஏழு சென்டிமீட்டர் அளவு நீர்மட்டம் தாழ்ந்ததாக அளந்திருக்கிறார்கள். வெப்பம் மிகுந்து நீர் ஆவியாதல் பெருகியது முதற்காரணம். அதற்கு நீரூட்டும் வோல்கா ஆற்றின் வரத்தும் ஒரு காரணம். ஈரானியப் பகுதியில் குர்கான் விரிகுடா சுருங்கிவிட்டது. அன்ஸலியின் சதுப்பு நீர்ப்பரப்பும் குறைந்துவருகிறது. 2003-இல் 'ஐந்'தின் காமிரா நின்று நோக்கிய நீர்விளிம்பு, இன்று அந்த மட்டத்தில் இல்லை. அழகுக்காக எடுத்த படம் அறியாமலே ஒரு பதிவேடாயிற்று. அந்த மரத்துண்டை அலை புரட்டியது உண்மை என்பதால்தான் அதற்கு அந்தத் தகுதி வாய்த்தது. '24 சட்டகங்க'ளின் அலைகளை எந்த ஆய்வாளரும் அளந்து பார்க்கமுடியாது.

'ஐந்து' படத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாம்; முகம் சுளிக்க அதில் ஏதுமில்லை. இடையில் உறக்கம் வந்தாலும் பாதகமில்லை. தம் படங்களைப் பார்ப்போர் கண்ணயர்ந்தால் தமக்கு வருத்தமில்லை என்று அவரே சொல்வதுண்டு. ஆனால் ஐந்தாவது காட்சிக்குக் கூடத்து விளக்கை அணைத்துவிடுங்கள். அதில் பெரும்பகுதி இருட்டுத்தான். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் திரையில் உங்கள் முகமே தெரியும். தவளைகளின் ஒலியைக் கேட்டுக்கொண்டு சேவல் கூவும்வரை இருங்கள்.