ஆட்சியும் ஆவணமும்: சட்டக் கல்வியும் ஜேர்மன் மொழியும்

ஈழத்துச் சட்ட வரலாற்றில் 1707ஆம் ஆண்டு இரு நிகழ்ச்சிகளால் நினைக்கத்தக்கது. அவ்வாண்டில் ஒல்லாந்த ஆள்பதி சைமன்சின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்துத் திசாவை கிளாஸ் ஈசாக்சு என்பார் அந்நாட்டுத் தமிழர் வழமைகளைத் தொகுத்துத் தேசவழமை என்னும் நூலாக்கினார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலிமார் பார்வையிட்டு ஒப்பினர். அதே ஆண்டிற் கண்டியில் வீரநரேந்திரசிங்கன் அரசேறினான். மகாவலிக்கரையிலுள்ள குண்டசாலையில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையின், அவனைக் குண்டசாலை அரசன் என்றே மக்கள் வழங்குவர். பல்லேகல அதனை அடுத்துள்ள ஊர். வடக்கே வழமை ஏடேறிய அந்நாளில், குண்டசாலையிலும் பல்லேகலவிலும் அது வாய்மொழியாகவே நின்றது. 1815இன் பின் டொயிலி முதலிய ஆங்கில அலுவலர் கேட்டெழுதியபோதுதான் கண்டியச் சட்டம் பிறர் படிக்கக்கூடிய வடிவம் பெற்றது.

இன்று பல்லேகலவிலுள்ள ஒரு வயலை எடுத்துக்கொள்வோர்க்கு அதன் உடையவர் யார் என்று கேளாமல் அவர்தம் உரிமைவழியைக் கூறுதல் இயலாது. அவர் கண்டியச் சிங்களவராயின் கண்டியச் சட்டம். யாழ்ப்பாணத் தமிழராயின் அவரோடு உடன்வந்த தேசவழமை. இசுலாமியராயின் முசிலிம் சட்டம். மலையகத் தமிழராயின் பொதுச் சட்டமாகிய உரோமன் ஒல்லாந்தச் சட்டம். அன்றியும், கண்டியச் சட்டம் வாய்திறவாத இடத்திற் கரையோர மாகாணங்களின் சட்டத்தைக் கொள்க என்று 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. தேசவழமை மௌனமாகும் இடத்தையும் உரோமன் ஒல்லாந்தச் சட்டமே நிரப்புகின்றது. அச்சட்டத்தின் பொருள் ஐயத்துக்கிடமாகுமிடத்து ஒல்லாந்த நூலாரையும், அவர்க்கு மூலமாகிய உரோமன் சட்டத்தையும் நாடுதல் வேண்டும். உரோமன் சட்டத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிக நுணுகி ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினோர் ஜேர்மன் நாட்டுப் பேராசிரியர். பல்லேகல வயலின் வரம்பிலே தொடங்கும் வழி பெர்லின் வரை செல்வது இவ்வாறே.

சட்டத்தோடு ஜேர்மன் மொழியையும் சேர்த்துப் பயிலும் பட்டநெறிகள் ஆங்கில நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உண்டு. அங்குப் பயில்வோர் ஓராண்டு ஜேர்மன் நாட்டிற் சென்று கற்பர். வாணிகத் தொடர்பும் தொழில்வாய்ப்பும் அவர்தம் நோக்கம். ஈழத்து மாணவனுக்கு அந்நோக்கம் சிறிதே பொருந்தும். அதனால் ஜேர்மன் மொழி அவனுக்கு ஓர் அணிகலன், வேண்டுமாயிற் பூணலாம், இல்லையெனிற் குறையில்லை என்று கருதுவோர் பலர். ஆங்கிலத்தில் இல்லாத நூல் எது என்று வினவுவோரும் உளர். அவ்வினாவுக்கு விடை காண ஆங்கிலத்தில் உள்ளவை எவை என்று பார்த்தலே நேரிய வழி.

பிரெடரிக் கார்ல் வொன் சாவிஞி என்பார் 1803இல் உடைமையாட்சி பற்றிய தம் முதற் பெருநூலை வெளியிட்டார். 1840 முதல் 1849 வரை ‘இக்கால உரோமன் சட்டத்தின் அமைப்பு’ என்னும் நூலை எட்டுத் தொகுதிகளாக எழுதினார். இந்நூல்களை ஆங்கிலப்படுத்தியோருட் பலர் இந்தியாவில் நீதித்தொழில் பார்த்தவர் என்பது வியப்புக்குரியது. முன்னைய நூலை 1848இல் மொழிபெயர்த்த எர்ஸ்கின் பெரி பம்பாயிற் பிரதம நீதியரசர். அமைப்பு நூலின் முதற்றொகுதியை 1867இற் சென்னையிலேயே அச்சேற்றிய வில்லியம் ஹொலவே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. இரண்டாந் தொகுதிப் பொருளை 1884இல் ஆங்கிலத்திலே தந்த றட்டிகன் லாகூரில் வழக்கறிஞர். எட்டாந் தொகுதியைக் கத்ரி என்பார் 1869இல் எடின்பரோவில் வெளியிட்டார். சட்டப் பணிக்கிடையே பிறிதொரு மொழியை ஊன்றிப் பயின்ற இவர்தம் உழைப்பைப் போற்றாதிருத்தல் இயலாது. சென்னை வெயிலில், வழக்குக் கட்டுகளுக்கிடையே, சாவிஞியின் நீண்ட வாக்கியங்களோடு மல்லாடிய நீதிபதியை எண்ணிப்பார்த்தாற் போதும்.

ஆயினும் நூலின் நடுப்பகுதி எங்கே? மூன்று முதல் ஏழு வரையான தொகுதிகள் அந்நூற்றாண்டில் இவ்வாறு ஆங்கில வடிவம் பெற்றில. உடன்படிக்கையில் மனவெண்ணத்துக்கும் வெளிப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு, பிழையுணர்வு, வழக்குரிமை, காலத்தால் வழக்கு இறத்தல் ஆகியவற்றைச் சாவிஞி ஆராய்ந்தது அத்தொகுதிகளிலேதான். ஈழத்து மன்றுகளில் நாள்தோறும் அடிபடும் பொருள்களும் அவையே. தலையும் வாலும் கிடைத்து உடல் கிடையாத நிலை இது. மொழிபெயர்த்தோர் தத்தமக்கு வேண்டியதை எடுத்தனர், அதிற் குற்றமில்லை. அவர் எடுத்ததே முழுநூல் என்று பின்வந்தோர் நம்பியதே குற்றம்.

கிடைத்த பகுதியேனும் போதுமோ எனின், அதற்கு உடைமையாட்சியே தக்க உரைகல். பெரியபுராணத்திற் சுந்தரர் திருமணத்தைத் தடுத்து அவரைத் தம் அடிமையென்று வழக்குரைத்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூவகைச் சான்றுகளுள் ஒன்றைக் கேட்கின்றனர். அவை அனுபவமாகிய ஆட்சி, எழுத்தாகிய ஆவணம், கண்டறிந்த அயலார் மொழி என்பன. அம்மூன்றனுள் முதலில் நிற்பது ஆட்சி. ஆவணத்தின்றியும் ஆட்சி தனித்து நிற்கவல்லது என்பது தமிழர் அறிந்ததே. யாழ்ப்பாணத்தில் நெடுங்கால அனுபவத்தால் வரும் உரிமையை இன்றும் ஆட்சியுரிமை என்றே வழங்குவர். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டுத் தடையற்ற எதிராட்சிக்கு உரிமை நல்குகின்றது. சட்டவழியன்றி நிலத்தினின்றும் நீக்கப்பட்டவன் ஓராண்டுக்குள் வந்தால், உறுதி காட்டாமலே மீட்சி பெறவும் வழிசெய்கின்றது.

இங்கே எழும் வினா ஒன்று. நிலத்தைக் கையிற் கொண்டிருப்போர் எல்லோரும் ஆட்சியுடையோரா? வாரத்துக்கு உழுபவன் வயலில் நாள்தோறும் நிற்கிறான். உடையவன் கொழும்பில் இருக்கிறான். ஆட்சி யாருடையது? சாவிஞியின் விடை தெளிவானது. கைப்பற்று மட்டும் போதாது; உடையவன்போற் கொள்ளும் மனக்கருத்தும் வேண்டும். பிறர்க்காகக் கொண்டிருப்பவனுக்கு உள்ளது வெறும் பிடிப்பே, ஆட்சியன்று. பெரியின் ஆங்கில நூலைப் படிக்கும் மாணவன் இதனை முடிந்த முடிபாகக் கொள்வான்.

ஜேர்மன் நாட்டில் இது முடிபாக நின்றிலது. உருடொல்ப் வொன் யேறிங் என்பார் இக்கொள்கையை முழுமூச்சாக எதிர்த்தார். 1889இல் ஆட்சிக்குரிய மனக்கருத்துப் பற்றியே தனிநூல் ஒன்று வெளியிட்டார். ஆட்சி என்பது உரிமையின் புறத்தோற்றம். மனத்தைத் துருவிப் பார்த்து அதனை அளத்தல் வீண். எவ்விடத்தில் ஆட்சி இல்லையென்பதைச் சட்டமே சொல்லட்டும் என்பது அவர்தம் கருத்து. 1896இல் இயற்றப்பெற்று 1900ஆம் ஆண்டு தை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் குடியியற் சட்டக்கோவை சாவிஞியைக் கைவிட்டது. பொருளின்மேல் உள்ள மெய்யான அதிகாரமே அதன்படி ஆட்சி. குடிக்கூலிக்காரனும் ஆட்சியுடையோன், உடையவனுக்கு உள்ளது அவன்வழி வரும் ஆட்சி. ஆசிரியரின் சொந்த நாடே விட்டுநீங்கிய கொள்கையை, மொழிபெயர்ப்பொன்றின் துணைகொண்டு இந்நாட்டார் இன்றும் உரோமன் சட்டத்தின் அசைக்கலாகா விதியெனக் காட்டுதல் கூடும். கோயில் நிலத்தைப் பராமரிக்கும் முகாமையாளர் தம்பெயரில் ஆட்சிவழக்குத் தொடரலாமோ என்னும் வினாவும் ஈழத்து மன்றுகளில் எழுந்ததுண்டு. உடையவன்போற் கொள்ளும் கருத்து என்பதை எழுத்துக்கு எழுத்தாகப் பிடித்திருப்பின், தேவனுக்காகக் கொண்டிருப்பவர் வழக்கிழப்பர். மன்று அவ்வாறு கொள்ளாது, அவர் தொடரலாம் என்றே கொண்டது. நடைமுறை நீதி கொள்கையை வளைத்த இடம் அது. ஏன் வளைக்க வேண்டியதாயிற்று என்பதை யேறிங்கைப் படித்தோர் எளிதில் உணர்வர்.

சொல்லளவிலும் ஓரிடர் உண்டு. ‘றெக்ட்’ என்னும் ஜேர்மன் சொல் சட்டத்தையும் உரிமையையும் ஒருங்கே குறிக்கும். இயற்றிய சட்டத்துக்குக் ‘கெசெற்ஸ்’ என்னும் வேறொரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரு சொற்கள் உள்ளமையின், மொழிபெயர்ப்போர் ஒவ்வோரிடத்திலும் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும். தமிழில் ‘முறை’ என்னும் சொல்லிடத்து ஒழுங்கும் நீதியும் உறவும் கலந்து நிற்கின்றன. சாவிஞி சட்டவுறவு என்று கூறுவதைத் தமிழ்மாணவன் ஆங்கிலத்தின் வழியாக அன்றி நேரே அணுகின், தன் மொழியிலேயே அதற்கு அண்மையான கருத்தைக் காண்டல் கூடும். எட்டாந் தொகுதியில் ஒவ்வொரு சட்டவுறவுக்கும் ஓர் இருக்கை உண்டென்றும், அவ்விருக்கையின் சட்டமே அதனை ஆளும் என்றும் அவர் நிறுவுகிறார். நால்வகைச் சட்டம் உலவும் பல்லேகலவில் வாழ்வோர்க்கு இக்கருத்துப் புத்தகப் பொருளன்று.

எல்லாவற்றினும் பெரிய இழப்பு வேறு. சட்டம் அரசன் ஆணையாற் பிறப்பதன்று, மக்களின் உள்ளத்தினின்றும் வழக்கத்தினின்றும் முளைப்பது என்று 1814இல் முழங்கியவர் சாவிஞி. அவரே பின்னர், வளர்ந்த நாகரிகத்தில் மக்களுக்காக அச்சட்டத்தைப் பேசுவோர் சட்ட அறிஞர் என்று கொண்டு உரோமன் நூல்களுள் ஆழ்ந்தார். அயல்நாட்டு நூலை ஆராயும் அறிஞர் எங்ஙனம் ஜேர்மன் மக்களின் வாயாவர் என்று 1843இற் கேட்டவர் ஜியோர்க் பேசெலர். ‘மக்கள் சட்டமும் அறிஞர் சட்டமும்’ என்பது அவர்தம் நூலின் பெயர். ஜேர்மன் சட்ட உலகை இரு கூறாக்கிய பூசல் இது.

இப்பூசல் தமிழ்நாட்டிலும் நிகழ்ந்தது என்பதைப் பலர் கருதுவதில்லை. ஹொலவே சாவிஞியை மொழிபெயர்த்த நாளில் அவர் நீதிபதியாயிருந்த உயர் நீதிமன்றம் வடமொழித் தருமசாத்திரங்களைத் தமிழர்க்குச் சட்டமாக நடத்திக்கொண்டிருந்தது. இராமநாதபுரத்து இராணி பருவதவர்த்தனி கணவன் இறந்தபின் மகவேற்றமை செல்லுமோ என்று மதுரைக் கலெக்டர் எழுப்பிய வழக்கு அந்நீதிமன்றத்தினின்றும் இலண்டன் சென்று 1868இல் முடிவுற்றது. மகவேற்பு நிலைநின்றது. தெளிவாக நிறுவப்பட்ட வழக்கம் சாத்திர வாசகத்தை விஞ்சும் என்னும் விதியையும் பிரிவிக் கவுன்சில் அவ்வழக்கிலேயே வகுத்தது. அவ்விதி இருந்தும் மன்றுகள் சாத்திரத்தையே சார்ந்தன என்று 1877இற் குறைகூறி நூலெழுதினார் மதுரை நாட்டு வரலாற்றை முன்னரே எழுதிய நெல்சன் என்னும் அலுவலர். தமிழ்மக்களுட் பெரும்பாலார் அறியாத நூல்கள் அவர்க்குச் சட்டமாதல் எங்ஙனம் என்பதே அவர்தம் வினா. பேசெலர் சாவிஞியிடம் கேட்டதும் அதுவே. சாவிஞி சென்னைக்கு வந்தார். அவரை மறுத்தவர் வரவில்லை. வந்திருப்பின் நெல்சனுக்கு நல்ல துணை கிடைத்திருக்கும். சாத்திரமே சட்டம் என்றிருந்த மன்றும் தன் நிலையை எண்ணிப்பார்த்திருத்தல் கூடும்.

தேசவழமைக்கும் கண்டியச் சட்டத்துக்கும் இதே வினா உண்டு. பன்னிரு முதலிமார் ஒப்பியது மக்கள் சட்டமா, முதலிமார் சட்டமா? 1880இல் லெ மெசூரியரும் பானபொக்கையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட நீதிநிகண்டு யார் குரல்? இவ்வினாக்களைக் கேட்கப் பழக்குவது ஜேர்மன் பயிற்சி. விதிகளை மட்டும் தேடுவோர்க்கு மொழிபெயர்ப்பே போதும்; விதிகளைப் பற்றிய பூசலை அறிய மூலமொழி வேண்டும்.

மறுப்பும் உண்டு, அது வலிவற்றதன்று. ஈழத்துச் சட்டமாணவன் முதலிற் கற்கவேண்டியவை இலத்தீனும் ஒல்லாந்தமுமே. வோயெற்று எழுதிய பேருரை இலத்தீனில் உள்ளது; குரோசியசின் 1631ஆம் ஆண்டு நூல் ஒல்லாந்தத்தில் உள்ளது. மன்றில் மேற்கோளாவன இவையன்றிச் சாவிஞியல்ல. பேராசிரியர் தம்பையா நடராசா 1949இல் வெளியிட்ட பிதெயிகொமிசம் பற்றிய ஆராய்ச்சி, இலங்கையையும் தென்னாபிரிக்காவையும் ஒப்பிட்டு அவ்விரு மன்றங்களும் ஒரே மூலத்தினின்றும் எவ்வாறு பிரிந்தன என்று காட்டுவது. அத்தகைய பணிக்கு ஒல்லாந்த மூலங்களே முதன்மையானவை. எனவே ஜேர்மனை முதலிடத்தில் வைப்போர் வரிசை தவறியவராவர். ஆனால் முதலிடம் இல்லை என்பதால் இடமே இல்லை என்றாகாது. 1947இற் கொழும்பில் தொடங்கிப் பின் பேராதனைக்கு வந்த சட்டத்துறை 1965இல் மீண்டும் கொழும்பு சென்றது. அது பேராதனையில் இருந்த ஆண்டுகளில், சில கல் தொலைவிலுள்ள உடவத்தைக்காட்டில் ஞானதிலோகர், ஞானபொனிகர் என்னும் ஜேர்மன் நாட்டுத் துறவியர் பாளி நூல்களைத் தம் தாய்மொழியில் ஆக்கிக்கொண்டிருந்தனர். பாளி கற்றோர் அவர்பால் ஜேர்மன் ஆராய்ச்சியின் பயனை நன்கறிந்தனர். வடமொழிச் சட்ட நூல்களை ஆராய்ந்த யூலியுஸ் யொல்லியின் ஜேர்மன் நூலும் 1896இல் வெளிவந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின்னரே, 1928இல் ஆங்கிலமாயிற்று. இடைப்பட்ட காலத்தில் அதனைப் படிக்க விழைந்த இந்து மாணவனுக்கு வேறு வழி இருந்ததில்லை. சாவிஞியின் நடுத் தொகுதிகளைப் படிக்க விழைபவன் நிலையும் அதுவே.