தட்டில் வளராத கிருமி

பேரி மரங்களைத் தீப்பட்டதுபோல் கருகச் செய்யும் நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் என்று 1870களின் இறுதியில் அமெரிக்காவின் தாமஸ் பர்ரில் சொன்னபோது நம்பாதவர்கள் பலர். 1880களில் ஜோசப் ஆர்தர் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்து, நலமான மரத்தில் செலுத்தி, அதே கருகலை வரவழைத்துக் காட்டினார். ஆய்வக வளர்ப்பின் பெரும்பலம் இதுதான்: எவரும் திரும்பச் செய்துபார்க்கக்கூடிய சோதனையால் சந்தேகம் தீர்கிறது. இத்தாலியின் புலியா பகுதியில் 2013இல் ஆலிவ் மரங்கள் காய்ந்ததற்குச் சைலெல்லா கிருமியே காரணமா என்ற கேள்வி எழுந்தபோதும் இந்தச் சான்றே தேவைப்பட்டது. கிருமி வளர்க்கும் அகார் தட்டில் சைலெல்லா ஊசிமுனைப் புள்ளியாகக் கண்ணில் படவே வாரக்கணக்கில் ஆகும். அதைச் செலுத்திய கன்றுகள் கருகுவதைக் காண ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. விடை கிடைத்தது, அதற்குள் நோய் வெகுதூரம் பரவியிருந்தது.

தாமதம் ஒரு குறை என்றால், சில கிருமிகளிடம் இந்த வளர்ப்பு முறை தோற்றே போவது அதைவிடப் பெரிய குறை. சாத்துக்குடி, ஆரஞ்சு மரங்களை வாட்டும் கிரீனிங் நோயின் கிருமி, மரத்தின் உணவுக் குழாய்களிலும் சில்லிட் பூச்சியின் உடலிலும் வாழ்வது. ஆற்றலைக்கூட அவற்றின் உயிரணுக்களிடமிருந்தே எடுத்துக்கொள்ள வல்லது. அதைத் தனியாக நிலைத்து வளர்க்க இயலாததால், உறவுக் கிருமியான லிபெரிபாக்டர் கிரெசென்ஸை வளர்த்துச் சோதிக்கிறார்கள். அதுவோ ஆரஞ்சு மரத்துக்கு நோய் தராதது. அதில் கிடைக்கும் முடிவை மரத்தில் சரிபார்க்காமல் ஏற்க முடியாது. தட்டில் வளரும் கிருமிகளிலும் பல, தட்டு மாற்றி மாற்றி வளர்க்கப்படும்போது நோயூட்டும் வீரியத்தை இழக்கின்றன.

டிஎன்ஏ சோதனை இருக்கத் தட்டு எதற்கு என்று கேட்கலாம். அச்சோதனை கிருமியின் தடயத்தைச் சில மணி நேரத்தில் காட்டும். ஆனால் கிருமி உயிரோடிருக்கிறதா, எந்த மருந்துக்கு எவ்வளவில் சாகும் என்பதை அறிய வளர்ப்புதான் நேர்வழி. வளர்க்காதவரை காரணம் உறுதியில்லை என்ற எதிர்வாதமும் நிற்காது. நோயுற்ற குச்சியை ஒட்டுக்கட்டினாலும், கிருமி சுமந்த பூச்சியை விட்டாலும் கிரீனிங் தொற்றுகிறது. தொற்றிய மரத்தில் அதே கிருமி தென்படுகிறது. நோயற்ற கன்றுகளை நடவும் பூச்சியைக் கட்டுப்படுத்தவும் இவ்வளவு சான்று போதும். காத்திருக்க நேரமும் இல்லை: 2005இல் நோய் கண்டறியப்பட்ட புளோரிடாவில், அதற்குச் சற்று முன் 24 கோடிப் பெட்டியாக இருந்த ஆரஞ்சு விளைச்சல், சூறாவளிகளும் சேர்ந்து தாக்க, 2022-23இல் 2 கோடிக்கும் கீழே இறங்கியது. மருந்தைத் தேடுபவருக்குத் தட்டு இன்றியமையாதது. தோட்டத்தைக் காப்பவர் அதன் தீர்ப்புக்காகக் கைகட்டி நிற்கக் கூடாது.