கோவில் வரலாற்றில் குடும்பங்கள் எங்கே?

முத்துக்குளித்துறைப் பங்குகள் தம் பொன்விழாவையும் நூற்றாண்டையும் ஒட்டி வெளியிடும் விழா மலர்களைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவற்றின் அமைப்பு மனப்பாடம். ஆசியுரைகள் முடிந்ததும் வரலாற்றுக் கட்டுரை தொடங்கும். 1535இல் பட்டங்கட்டிமார் கொச்சிக்குச் சென்றதும் 1542இல் தூய சவேரியார் வந்ததும் முதற் பத்தியிலேயே முடிந்துவிடும். அடுத்த பத்தியில் முந்நூறு ஆண்டுகளை ஒரே தாவாகத் தாவிக் கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளில் வந்து நிற்போம். பின்னர் பங்குத்தந்தையரின் பட்டியல்: கோபுரம் எழுப்பியவர் யார், தரைக்குக் கல் பதித்தவர் யார் என்னும் விவரம். குடும்பங்கள் எப்போது வரும்? மலரின் கடைசிப் பக்கங்களில், நன்கொடையாளர் வரிசையில், தொகையோடு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டில் இறைமக்களைப் பற்றிய இயலை முன்னும், ஆட்சிப் பொறுப்பாளரைப் பற்றிய இயலைப் பின்னும் வைத்தது. அவ்வரிசை தற்செயலானதன்று. நம் விழா மலர்களோ இன்றும் பழைய வரிசையிலேயே நடக்கின்றன. அவற்றைத் தொகுப்பவர்களுள் என்போன்ற குருக்களே மிகுதி என்பதையும் இங்குச் சொல்லத்தான் வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு சிற்றூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது பங்கின் பதிவேட்டை. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு பங்கும் எழுதி வைக்க வேண்டும் என்று 1538இல் அந்நாட்டில் ஆணை பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபை முழுவதற்கும் திருமணப் பதிவைத் திரிதெந்தின் சங்கம் 1563இல் கட்டாயமாக்கியது. கொள்ளைநோய் வந்த ஆண்டில் அடக்கப் பதிவுகள் திடீரெனப் பெருகுவதைக் கொண்டே ஓர் ஊரின் துயரத்தை அங்கே கணித்து எழுதிவிடுகிறார்கள். அதே வகை ஏடுகள் நம் பங்கு இல்லங்களின் அலமாரிகளிலும் உள்ளன. மணமாகப் போகும் பிள்ளைக்குச் சான்றிதழ் எழுதும்போது மட்டுமே நாம் அவற்றைத் திறக்கிறோம்.

அந்த ஏட்டின் ஒரு வரியில் என்ன இருக்கிறது? குழந்தையின் பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானப் பெற்றோர், முழுக்களித்த குருவின் பெயர். ஓரத்தில் பிற்காலத் திருமணக் குறிப்பு. ஞானத்தந்தை எத்தெருவினர், எத்தொழிலினர் என்று அறிந்தவருக்கு எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தை நம்பியிருந்தது என்பது விளங்கிவிடும். சொல்லப்படாத செய்திகளும் ஏட்டில் உண்டு. கடலில் மறைந்து உடல் கரைசேராதவனுக்கு அடக்கப் பதிவு இராமற் போகலாம். அவன் மனைவி சில ஆண்டுகள் கழித்து மறுமணம் செய்துகொண்ட பதிவில், இன்னாரின் கைம்பெண் என்ற குறிப்பில்தான் அவன் மரணம் தெரியவரும். எந்த விழா மலரும் அவனை எழுதியதில்லை.

குடும்பப் பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். பர்னாந்து, மோத்தா, மச்சாது, வாஸ், மிராந்தா என்னும் பெயர்களைக் கண்டு போர்த்துக்கீசிய இரத்தம் என்று பெருமை பேசுவோரும் உண்டு, ஏளனம் செய்வோரும் உண்டு. இருவரும் அறியாதது ஒன்றே: பெரும்பாலும் அவை திருமுழுக்கின்போது கிடைத்த பெயர்கள். பர்னாந்து என்னும் பெயர் பூண்ட இரு வீட்டார் உறவினராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உறவை அறியப் பெயர் போதாது, ஏடு வேண்டும்.

மலர்கள் ஒரே வரியில் கடந்து போகும் மற்றொன்று பதுரவாதோப் பூசல். 1838இல் உரோமை போர்த்துக்கல்லின் ஞான அதிகாரத்தைக் குறுக்கியபோது கோவாக் குருக்கள் ஒருபுறமும் சேசு சபையார் மறுபுறமுமாக நின்றனர்; கடற்கரை மக்களும் இரு பிரிவாயினர். தூத்துக்குடியிலும் இப்பிளவு ஆழமாக ஓடியது. இதை எழுதினால் இடறலாகும் என்று நம்மவர் அஞ்சுகிறார்கள். மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் குடும்ப வரலாற்றை எழுதும்போது தாமாரையும் இராகாபையும் உரியாவின் மனைவியையும் மறைக்கவில்லையே!

நாம் எழுதாததை ஒரு நாவலாசிரியர் எழுதினார். ஜோ டி குருஸின் 'கொற்கை' 2009இல் வெளிவந்து 2013இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடியைத் தோணிகளின் வழியாகவும் குடும்பங்களின் வழியாகவும் அது சொல்கிறது. அதில் கதைமாந்தர் மிகுதி. யார் யாருக்கு என்ன முறை என்று படிப்பவர் திகைப்பது உண்மை. அதை நூலின் குறை என்பாரோடு நான் முழுதும் உடன்படேன். ஓர் ஊரின் உறவுமுறைகள் அப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன. ஆனால் நாவல் வரலாற்று ஏடாகிவிடாது. அதில் வரும் குடும்பத்தை உண்மைக் குடும்பமாகக் கொண்டு, இது இன்னார் வீடு என்று கிசுகிசுப்பது இலக்கியத்துக்கும் அநீதி, அயலாருக்கும் அநீதி. ஆவணம் எழுத வேண்டிய நாம் எழுதாமல் விட்டதனால்தான் கற்பனையின்மேல் அந்தச் சுமை ஏறுகிறது.

தூத்துக்குடியில் ஒரு குடும்பத்தின் வரலாறு மட்டும் நன்கு எழுதப்பட்டிருக்கிறது: சாதித்தலைவரின் குடும்பம். 1806இல் முதன்முதலில் ஓடிய பனிமய மாதாவின் தங்கத் தேரைச் சொல்லும்போது தொன் கபிரியேல் வாஸ் கோமஸின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லவும் வேண்டும். வடம் பிடித்தோர்? 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பில் மூழ்கியவர்கள்? அவர்களுள் இன்னும் நம்மிடையே இருக்கும் முதியோரிடம் எத்தனை மலர்க்குழு சென்று கேட்டிருக்கிறது?

பழைய பதிவேடுகளும் கவனமாகப் பேணப்பட வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535ஆம் சட்டம் கூறுகிறது. உப்புக்காற்று அச்சட்டத்தைப் படித்ததில்லை. தாள்கள் பொடிந்து, மை பழுப்பேறி வருகிறது. அடுத்த விழாவுக்கு மலர் அச்சிட எண்ணும் பங்குகள் வண்ணப் படங்களில் நான்கைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஏடுகளைப் படமெடுக்கட்டும். இரு தரப்புக்கும் கோவில் இருந்த ஊரானால் ஒரு கோவிலின் ஏடு போதாது. தகப்பன் ஒரு கோவிலில் முழுக்குப் பெற்றிருப்பான், மகன் மற்றொன்றில் பெற்றிருப்பான். தேடுவோர் இரண்டையும் அருகருகே வைத்துப் புரட்ட வேண்டியிருக்கும்.